புளிக்கும் சரக்கும் புளித்த சரக்கும்
பன்னீர் திராட்சை விற்கும் நமக்கு பெல்ஜியத்திலிருந்து ஒரு பாடம்



பன்னீர் திராட்சை இல்லாத கடைவீதி நம் டெல்டாவில் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எங்கே போனாலும் பழக்கடையிலும் தள்ளுவண்டியிலும் அது கறுத்துக் குவிந்து கிடக்கும். மளிகைக் கடைக்காரர்களில் சிலர்கூட வாசலில் ஒரு பெட்டி வைத்து எடை போடுகிறார்கள். விலை கட்டுப்படியாகும், வாசனை உண்டு, கூலி வேலைக்குப் போகிறவரும் பிள்ளைகளுக்குக் கால் கிலோ வாங்கிப் போகலாம்.

விற்பவர் படும் பாடு விற்பவருக்குத்தான் தெரியும். காலையில் இறக்கிய பெட்டியில் மாலைக்குள் பழம் உதிரத் தொடங்கும். மறுநாள் ஈ மொய்க்கும். அதற்கடுத்த நாள் புளித்த நெடி அடிக்கும். நெடி வந்துவிட்டால் லாபம் மட்டுமல்ல, முதலும் போயிற்று என்று எழுதிவிட்டுக் கொட்டிவிடுகிறோம்.

நாம் கொட்டுகிற அதே நிலைக்குத் திராட்சையை வேண்டுமென்றே கொண்டுபோய், மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்து, உலகம் முழுவதிலுமிருந்து ஆள் தேடி வந்து வாங்கும்படி செய்கிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பெல்ஜியம் நாட்டின் தலைநகர் பிரஸ்ஸல்ஸும் அதன் தென்மேற்கே உள்ள கிராமங்களும்தான் அந்த இடம். சரக்கின் பெயர் லாம்பிக். அது ஒரு புளிப்புப் பீர்.

பீர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் புளியும் பருப்பும் மொத்தமாக விற்கிறவன். மதுவுக்குப் பரிந்து பேச வரவில்லை. நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்து மதுவின் சில்லறை வியாபாரம் டாஸ்மாக் வசம் உள்ளது. நம் கடைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் சீக்கிரம் கெடும் பொருளைக் கையாளுவது, பழசையும் புதுசையும் கலப்பது, சரக்கின் பெயரைக் காப்பது ஆகிய மூன்றும் நம் தொழிலும்தான். அந்த மூன்றிலும் அவர்களிடம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

காற்றில் வரும் புளிப்பு

சாதாரணப் பீருக்குப் பக்குவம் செய்து வளர்த்த ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். லாம்பிக்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. முளைகட்டிய பார்லியோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சிய சாற்றைக் கூரைக்கு அடியில் உள்ள ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் திறந்தே ஆற விடுகிறார்கள். சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குளிர்காற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் வந்து விழுகின்றன. பிறகு மரப் பீப்பாய்களில் ஏற்றுகிறார்கள். பீப்பாய் மரத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கொண்டு ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை அது மெல்லப் புளிக்கிறது. இதில் பெரும்பங்கு வகிக்கும் ஒரு வகை ஈஸ்ட்டுக்கு விஞ்ஞானிகள் பிரஸ்ஸல்ஸ் நகரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நம் வீட்டுப் பெண்கள் வியக்க மாட்டார்கள். இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள்? அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாக இருக்கும் நுண்ணுயிர்களே ஓர் இரவில் மாவைப் பொங்க வைக்கின்றன. இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழையசோற்றில் காலையில் நீராகாரம் புளித்திருப்பதும் அப்படித்தான். நெல் விளையும் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்தப் புளிப்பு தாய்ப்பாலுக்கு அடுத்தபடி பழகியது.

ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஊர் குளிர், நம் ஊர் வெயில். லாம்பிக் காய்ச்சுவது ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். கோடையில் வேண்டாத கிருமிகள் பெருகிச் சரக்கைக் கெடுத்துவிடும் என்பதால் காய்ச்சுவதை நிறுத்திவிடுவார்கள். நமக்கோ மார்கழி ஒரு மாதம் போனால் மற்ற நாளெல்லாம் கோடைதான். அங்கே ஆண்டுக்கணக்கில் நடப்பது இங்கே மணிக்கணக்கில் நடந்து முடிந்துவிடுகிறது.

இன்னொரு செய்தி வணிகர்களுக்குப் பிடிக்கும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தர ஹாப்ஸ் என்னும் ஒரு வகைப் பூவைச் சேர்ப்பது வழக்கம். மற்ற ஆலைக்காரர்கள் புதுப் பூவுக்குப் போட்டி போடுகிறார்கள். லாம்பிக்காரர்களோ இரண்டு மூன்று ஆண்டு கிடந்த பழைய பூவைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பழசானால் கசப்பு குறைந்துவிடும், சரக்கைக் காக்கும் தன்மை மட்டும் மிஞ்சும். ஒருவருக்குத் தேங்கிய சரக்கு இன்னொருவருக்குத் தேவையான சரக்கு என்பது நம் மண்டிகளிலும் கண்ட உண்மைதானே!

கலப்பவரும் வணிகரே

லாம்பிக்கைத் தனியாகக் குடிப்பவர்கள் குறைவு. ஓராண்டுச் சரக்கு, ஈராண்டுச் சரக்கு, மூவாண்டுச் சரக்கு மூன்றையும் அளவோடு கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். அதற்குக் கூஸ் என்று பெயர். இளஞ்சரக்கில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி புளித்து நுரையைத் தருகிறது. முதிர்ந்த சரக்கு ஆழ்ந்த சுவையைத் தருகிறது.

இந்தக் கலவைத் தொழிலில் காய்ச்சும் ஆலையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பூன், லிண்டமன்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து காய்ச்சிய சாற்றைக் கொள்முதல் செய்வார்கள். தங்கள் கிடங்கில் பீப்பாய்களில் முதிர வைப்பார்கள். ஒவ்வொரு பீப்பாயையும் சுவைத்துப் பார்த்து, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்து, தங்கள் பெயரில் விற்பார்கள். கொள்முதல், இருப்பு, தரம் பிரித்தல், கலவை, விற்பனை என்று பார்த்தால் அவர்கள் நம்மைப் போன்ற மொத்த வணிகர்கள்தான். அவர்களுடைய முதலீட்டில் பெரும்பகுதி காத்திருப்பில் முடங்கிக் கிடக்கிறது.

பழசும் புதுசும் கலப்பது நமக்குப் புதிதா? புதுப் புளி சிவந்து, பார்வையாக இருக்கும். பழம்புளி கறுத்து, புளிப்பு ஏறியிருக்கும். விவரம் தெரிந்த ஓட்டல்காரர் இரண்டையும் வாங்கி, ரசத்துக்கு இது, வத்தக்குழம்புக்கு அது என்று பிரித்துக்கொள்வார். அறுவடையான உடனே அரைத்த பொன்னி குழையும். ஓராண்டு கிடந்த அரிசி உதிரியாக வெந்து, அளவும் கூடுதலாகக் காணும். அதனால்தான் பழைய அரிசிக்கு விலை கூடுதல். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்று முதல்நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புதுமாவில் கலக்காத வீடு உண்டா? அந்த ஒரு கரண்டிதான் பெல்ஜியத்துக் கலவைத் தொழிலின் சூத்திரமும்.

நாம் செய்யத் தவறுவது ஒன்றுதான். அவர்கள் கலந்ததைச் சொல்லி விற்கிறார்கள். இங்கே பழைய அரிசியில் புது அரிசியைக் கலந்துவிட்டுப் பழையது என்றே மூட்டையில் எழுதுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சொல்லிக் கலந்தால் அது தொழில். சொல்லாமல் கலந்தால் கலப்படம்.

இனிப்பு போய் வாசனை நிற்கும்

லாம்பிக்கில் பழம் சேர்ப்பதும் உண்டு. புளிப்புச் செர்ரிப் பழம் சேர்ப்பது பழைய வழக்கம். திராட்சையும் சேர்க்கிறார்கள். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கப்பட்ட காண்டியோன் என்னும் குடும்ப ஆலை இன்றும் நடக்கிறது. 1978 முதல் அது ஓர் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வரும் வெள்ளை மஸ்கட் திராட்சையை முதிர்ந்த லாம்பிக்கில் ஊற வைத்து அவர்கள் ஒரு பீர் செய்கிறார்கள். கறுப்புத் திராட்சையில் செய்வதும் உண்டு.

இவ்வளவு இனிப்பான திராட்சையைப் போட்டால் பீர் இனிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இனிக்காது. பழத்திலுள்ள சர்க்கரை முழுவதையும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நிறம் நிற்கும், தோலின் துவர்ப்பு நிற்கும், வாசனை நிற்கும். இனிப்பு மட்டும் நிற்காது.

அந்த மஸ்கட் என்ற பெயரைக் கவனியுங்கள். நம் பன்னீர் திராட்சையின் சாத்திரப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மஸ்கட் திராட்சையின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ரோஜாப் பூவிலும் இருக்கிறது. அதன் பெயர் ஜெரானியால். அதை அறியாத காலத்திலேயே மூக்கை மட்டும் நம்பிப் 'பன்னீர்' என்று பெயர் வைத்த நம் மக்களின் நுட்பத்தை என்ன சொல்வது!

உண்மையான பன்னீர் திராட்சையின் மதிப்பு அந்த வாசனையில்தான் இருக்கிறது. சர்க்கரையை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

ஒரு கிடங்கில் நடந்தது

இந்தத் தொழிலில் முதலுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2009 மே மாதம் நடந்த சம்பவம் ஒன்று போதும். பேர்செல் என்னும் ஊரில் த்ரீ ஃபொன்டைனன் என்ற நிறுவனத்தை நடத்தியவர் அர்மான்ட் டெபெல்டர். கலவைத் தொழிலில் பேர் பெற்ற குடும்பம் அவருடையது. பாட்டில்கள் மறுபுளிப்பு ஏறுவதற்காக வைத்திருந்த சூட்டறையின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, சூடு தாறுமாறாக ஏறிவிட்டது. பாட்டில்கள் வெடித்துச் சிதறின. வெடிக்காதவையும் சூட்டில் கெட்டன. ஏறத்தாழ 80,000 பாட்டில் சரக்கு, அதாவது பல ஆண்டு உழைப்பும் காத்திருப்பும், ஒரே கருவியின் பழுதால் போயிற்று.

அவர் கடையைப் பூட்டவில்லை. உடையாமல் நின்ற பாட்டில்களைத் திறந்து ஊற்ற ஊரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் அன்பர்கள் வந்தார்கள். கெட்ட பீரை வடித்துச் சாராய வகை ஒன்றாக மாற்றி, தன் பெயரிலேயே விற்று, கடனை அடைக்கும் வழி தேடினார். சில ஆண்டுகள் தானே காய்ச்சுவதை நிறுத்தி, மற்ற ஆலைகளில் சாறு வாங்கிக் கலந்து விற்றார். பிறகு மறுபடி காய்ச்சத் தொடங்கினார். 2022இல் அவர் மறைந்தபோது அந்தத் தொழிலே அவரைத் தந்தை போல் மதித்து நினைவுகூர்ந்தது.

தொழிலில் போட்டியாளர் இருக்கலாம், பகையாளி இருக்கக் கூடாது என்று சங்கக் கூட்டங்களில் நாம் பேசுவோம். அந்த ஊரில் அது செயலில் இருந்தது.

பெயருக்கு ஒரு வேலி

லாம்பிக்குக்கு வந்த பெரிய ஆபத்து சூட்டறையிலிருந்து வரவில்லை, சர்க்கரையிலிருந்து வந்தது. உலகப் போருக்குப் பிறகு மக்களின் நாக்கு இனிப்புக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் லாம்பிக்கோடு சாதாரணப் பீரையும் இனிப்பையும் பழச்சாற்றையும் கலந்து, அதே பெயரில், மலிவாக விற்கத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டு காத்திருந்தவர் மூன்று வாரத்தில் செய்தவரோடு விலையில் போட்டியிட வேண்டியதாயிற்று. சிறிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தொழிலை விட்டன.

மிஞ்சியவர்கள் கூடிப் பேசினார்கள். 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரியத் தயாரிப்புப் பட்டியலில் இந்தப் பெயர்கள் பதிவாயின. 'பழைய கூஸ்' என்று பாட்டிலில் அச்சிட வேண்டுமானால் அதில் முழுக்க லாம்பிக்கே இருக்க வேண்டும். கலவையில் மிகப் பழையது மூன்றாண்டாவது மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். இனிப்பு சேர்த்து விற்பதற்குத் தடையில்லை. அதைப் 'பழைய' என்று சொல்லத்தான் தடை. வாங்குபவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகுதான் பொறுமையாகச் செய்பவருக்கு உரிய விலை கிடைக்கத் தொடங்கியது.

நம்மிடமும் வேலி இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் மலையடிவாரத்துத் தட்பவெப்பமும் சேர்ந்து, அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகப் பந்தல்தான். நம் பக்கத்தில் கும்பகோணம் வெற்றிலைக்கும் 2025இல் குறியீடு வந்திருக்கிறது.

ஐரோப்பியப் பதிவு லாம்பிக் செய்யும் முறையைக் காக்கிறது. நம் குறியீடு பொருள் விளைந்த இடத்தைக் காக்கிறது. வேறு ஊர்த் திராட்சை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கம்பம் பன்னீர் திராட்சை என்று விற்கக் கூடாது. பொய்யாகக் குறியீட்டுப் பெயரைப் போட்டாலும், அப்படிப் போட்ட சரக்கை விற்றாலும், 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. நல்லெண்ணத்தோடு வாங்கி விற்றேன் என்று காட்ட நமக்குத் துணை நிற்பது கொள்முதல் பில் ஒன்றுதான்.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: அந்தச் சட்டத்தில் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குள் விளைவிப்பவர் மட்டுமன்றி, பொருளைப் பதப்படுத்துபவரும், பொட்டலமிடுபவரும், அதில் வணிகம் செய்பவரும் அடங்குவர். ஆகவே குறியீட்டை முறையாகப் பயன்படுத்தும் உரிமையை நாமும் பதிவு செய்துகொள்ளக் கேட்கலாம். அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. தனித்தனியாகப் போவதைவிட சங்கத்தின் வழியாகப் போவது நல்லது.

கடைக்காரர் கவனத்திற்கு

1. திராட்சை கொள்முதலில் ஊர்ப் பெயரோடு பில் கேளுங்கள். கம்பத்துச் சரக்கானால் பலகையில் அப்படியே எழுதி வையுங்கள். வேறு ஊரானால் அந்த ஊரை எழுதுங்கள்.

2. உதிர்ந்த பழத்தைத் தனியாகப் பிரித்து, உதிரி என்று சொல்லி அன்றைக்கே குறைந்த விலைக்குக் கொடுங்கள். ஜூஸ் கடைக்காரருக்குக் குலை தேவையில்லை. நல்ல பழத்தோடு நசுங்கிய பழம் கிடந்தால் பெட்டி முழுவதும் புளிக்கும்.

3. காய்ச்சிப் பதப்படுத்தாத திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் இறுக்கி மூடி வெளியில் வைத்து விற்காதீர்கள். அது புளித்து, வாயு சேர்ந்து, நம் ஊர் வெயிலில் பாட்டில் வெடிக்கும். மாவுப் பொட்டலம் உப்புவதும் இதே காரணத்தால்தான். சாறு, ஜாம் தயாரிக்கும் சுயஉதவிக் குழுவினர் உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றிருந்தால் அவர்களிடம் வாங்கி விற்கலாம்.

4. கிறிஸ்துமஸ் சமயத்தில் 'வீட்டு ஒயின்' என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கடையில் வைக்காதீர்கள். உரிமமில்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கள்ளக்குறிச்சித் துயரத்துக்குப் பிறகு 2024இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. பழகிய வாடிக்கையாளர் கேட்டார் என்பது வழக்கில் எடுபடாது.

5. வினிகர் விற்பவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். புளிக்க வைத்து எடுத்தது ஒன்று. அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது இன்னொன்று. இரண்டாவதில் செயற்கை என்று அச்சிட்டிருக்க வேண்டும். விலையிலும் பேச்சிலும் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

6. இட்லி மாவு விற்பவர்கள் அரைத்த நாளைப் பொட்டலத்தில் போடுங்கள். நேற்றைய மாவைக் குளிரில் நன்றாக வைத்திருந்தால் 'ஊத்தப்பத்துக்கு ஏற்ற புளித்த மாவு' என்று சொல்லியே விற்கலாம். கேட்டு வாங்குவோர் இருக்கிறார்கள். அதை இன்றைய மாவு என்று சொல்லி விற்றால் மறுநாள் அந்தம்மா அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நிறைவாக

கம்பம் விவசாயிகள் தங்கள் பகுதிக்கு ஒயின் ஆலை வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அது அரசு முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆலை வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் பழத்தின் பெரும்பகுதி நம் தராசுக்குத்தான் வரப் போகிறது. பன்னீர் திராட்சை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நாம் விற்றால், எசன்ஸும் சாயமும் கலந்த பாட்டில் சாறு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை கலந்த பீர் லாம்பிக்கின் இடத்தைப் பிடித்த கதைதான் இங்கேயும் நடக்கும். விவசாயிக்கு விலை போகும், நமக்கு வாடிக்கை போகும்.

பெல்ஜியத்துக்காரர்கள் பெரிய இயந்திரத்தாலோ விளம்பரத்தாலோ பிழைக்கவில்லை. பழசைப் பழசு என்றும் கலவையைக் கலவை என்றும் எழுதி விற்றதால் பிழைத்தார்கள். தஞ்சைத் தரணியில் நெல்லளந்த கைகள் நம்முடையவை. அளவில் காட்டும் அந்த நேர்மையைப் பெயரிலும் காட்டுவோம். அடுத்த சங்கக் கூட்டத்தில் புவிசார் குறியீட்டுப் பதிவு பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர உறுப்பினர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க வணிகம்! ஓங்குக ஒற்றுமை!